எடுத்துடுங்கம்மா என்றாய்

கண்ணு,

காலையிலிருந்து நான்கு தடவை எழுத உட்கார்ந்து நான்கு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடினேன், அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஒரு தடவை மாடிக் கதவைச் சாத்தவில்லை என்று போனேன், சாத்தித்தான் இருந்தது. இது ஐந்தாவது. இப்போது நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேசையை வயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். எழ வேண்டுமானால் மேசையை நகர்த்தித்தான் எழ வேண்டும். இந்த வயதில் என்னை நானே இப்படிக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் படத்தை விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். நீ போன் செய்தது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் போன நாட்களில் நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை.

நீ இரண்டு விஷயம் சொன்னாய். தையில் கல்யாணம், தேதி குறித்தாகிவிட்டது என்பது ஒன்று. நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டாய் என்பது இன்னொன்று. "நல்லா இருக்குதுங்கம்மா. அந்த ஸ்கூல் சீன மட்டும் எடுத்துடுங்க" என்றாய். அதற்கு நான் என்ன செய்தேன்? "அதத்தான் அப்பவே எடுத்துட்டனே கண்ணு" என்று சொல்லிச் சிரித்தேன். படம் பிடிப்பதும் எடுப்பதுதான், பிடித்ததை நீக்குவதும் எடுப்பதுதான். உன் வார்த்தை எந்த அர்த்தத்தில் வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதை இன்னொரு பக்கம் திருப்பிப் போட்டேன். நீ சிரிக்கவில்லை. "அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியுமுங்க" என்றாய். போனை வைத்துவிட்டாய். கல்யாணத்துக்கு வாங்க என்ற வார்த்தை வருவதற்குள் வைத்துவிட்டாய். பெற்றவளை மகன் தனியாக அழைக்க வேண்டுமா, தேதி சொன்னாலே அழைத்த மாதிரிதான் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ சொல்ல நினைத்து, என் சிரிப்பைக் கேட்டு விழுங்கிவிட்டாய் என்றுதான் தோன்றுகிறது.

திரும்பக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசினால் நான் உன்னை டைரக்ட் செய்ய ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்திரிகைக்காரர்கள் வேறு, தனியாளாகப் படம் எடுக்கும் பெண்ணாக என் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாக நச்சரிக்கிறார்கள். உட்கார்ந்தால் உனக்குத்தான் எழுத வருகிறது. சரி, இதையே தந்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் உனக்குத்தான் வரும். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. நீ வேண்டாம் என்றால் இது அச்சுக்குப் போகாது. இந்தத் தடவையாவது முதலில் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

நான் சினிமாவுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். சேலத்தில் உன் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார், நான் அங்கே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன், அதுவரைக்கும் தெரியும். ஏற்காட்டில் கடை வைத்திருக்கிற ஹமீது பாய் மகளுக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் ஆண் வீடியோகாரர் போக முடியாது. பொம்பளை யாராவது இருக்காங்களா என்று பாய் கேட்க, மாமா என்னைக் காட்டினார். ஒரே ஒரு சாயங்காலம் சொல்லிக் கொடுத்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். நான் முதல் அழுத்திலேயே தப்பு செய்துவிட்டேன். அழுத்தியது பதியவில்லை என்று நினைத்து இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன். அதிலிருந்து எல்லாமே தலைகீழ். நான் எடுப்பதாக நினைத்த நேரமெல்லாம் கேமரா தூங்கியது, நிறுத்திவிட்டேன் என்று கையைத் தொங்கப்போட்ட நேரமெல்லாம் அது ஓடியது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முழுக்கத் தரையும் கால்களும். மருதாணிப் பாதங்கள், உருண்டுபோன ஒரு தம்ளர், யாரோ ஒருத்தியின் மாமியாரைப் பற்றிய முழு விமர்சனம். நடுவில் கல்யாணப் பெண் தன் தங்கையிடம் மெதுவாக, "எனக்கு அந்த ஊடு புடிக்கலேன்னா என்னடி பண்றது?" என்று கேட்கிறாள்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேமரா ஓடவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் எதிலும் மனம் நிற்காது. எனக்கு நிற்கவில்லை. உன் அப்பாவுக்கு ஆபீஸ், சேலம், ஐந்தரை மணிக் காபி. நான் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தேன், அவர் வரவில்லை. நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று நீ யாரிடமும் சொல்ல வேண்டாம், நாங்கள் சண்டையே போட்டதில்லை. அவருக்குச் சண்டை போடும் அளவுக்கு நான் ஊரில் இருக்கவில்லை.

படம் எடுக்கிறேன் என்று சொன்னால் யார் நடிகர் என்று கேட்பார்கள். நடிகர் இல்லை என்றால் அப்புறம் என்ன படம் என்பார்கள். ஓர் எஸ்டேட் கேட்டில் ஸ்டாண்டை ஒரு தோளிலும் கேமராப் பையை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு நின்றபோது, அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துவிட்டு, "டைரக்டர் சார் பின்னால வர்றாருங்களா?" என்று கேட்டார். "முன்னால வந்துட்டாருங்க" என்றேன். அவருக்குப் புரிய இன்னும் நான்கு கேள்வி தேவைப்பட்டது. கேமரா நான், ஒலிப்பதிவு நான், எடிட்டிங் நான், டீ வாங்கி வருவதும் நான். இதையெல்லாம் மேடையில் பெருமையாகச் சொல்லுவேன், கைதட்டுவார்கள். தனியாக வேலை செய்பவளுக்குக் கூடவே ஒரு கெடுதலும் உண்டு. இந்த ஷாட் வேண்டாங்க, இது தப்புங்க என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க மாட்டார்.

வெள்ளையம்மாவை உனக்குத் தெரியும். செம்மநத்தத்தில் சாமையும் கொஞ்சம் காப்பியும் போடுகிறவர். அவருடைய ஒரு வருடத்தைத்தான் நான் முதல் படமாக எடுத்தேன். அவருக்கு ஒரே மகன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் வருடத்துக்கு ஒரு தடவை, பண்டிகைக்கு மட்டும் வருவான். ஒரு நாள் மிளகுக் கொடியடியில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அழுகை முட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இத எடுத்துடு சாமி" என்றார். நான் என்ன நினைத்தேன்? பிடித்துக்கொள், உலகம் பார்க்கட்டும் என்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போய் முகத்தை நெருக்கமாக எடுத்தேன். அந்த ஒரு காட்சிக்காகத்தான் படத்தைச் சென்னையில் கொண்டாடினார்கள். விருது கொடுத்தார்கள், ஒரு டிவியில் ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். அதற்கெல்லாம் அப்புறம்தான் ஊருக்குக் கொண்டுபோய்க் காப்பி காயப்போடும் களத்தில் வேட்டியைக் கட்டித் திரையிட்டேன். மிளகுக் கொடிக் காட்சி வந்ததும் வெள்ளையம்மா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் போனேன். "எடுத்துடுன்னு சொன்னனே கண்ணு" என்றார். "அதானுங்க அக்கா எடுத்தேன்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தலையைத் தலையை ஆட்டினார். "அட, அந்த எடுத்துடு இல்ல கண்ணு. வேண்டாங்கற எடுத்துடு. செரி, இப்ப எடுத்துடு" என்றார்.

முடியாதுங்க அக்கா, படம் வெளியே போயிடுச்சு என்று சொன்னேன். அது பொய். இங்கே நாகலூரில், இதே மேசையில்தான் எல்லாம் இருந்தது, ஒரு மணி நேர வேலை. அந்தக் காட்சி இல்லாவிட்டால் அது விருது வாங்கிய படமாக இருக்காது என்பதால் சொன்ன பொய். அவருடைய மகன் அதற்கு முன்பே டிவியில் பார்த்துவிட்டிருந்தான், ரூமில் கூட இருந்தவர்களோடு சேர்ந்து. அந்த வருடப் பண்டிகைக்கு வந்தவன், "உன்ற புள்ளயப் பத்தி ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லோணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினான். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை வருவதையும் நிறுத்திவிட்டான். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மேடையில் நான் சொல்வது என்னுடைய விதியைப் பற்றி. படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டும், அவர்கள் எடுத்துடு என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். வெள்ளையம்மாவுக்குப் பிறகு எல்லாப் படத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு டிரைவர் தன் வழுக்கை தெரிகிறது என்று சொன்னதற்காக நல்ல ஷாட் ஒன்றைத் தூக்கியிருக்கிறேன். இந்தப் புதிய படம் என்னையும் என் கேமராவையும் பற்றியது, அதில் நீ இருக்கிறாய், அதனால் விதிப்படி உனக்கு அனுப்பினேன். நீ எடுத்துடுங்க என்றாய். முதல் தடவையாக நான் என் விதியை மீறப் பார்க்கிறேன். யாரிடம் மீறப் பார்க்கிறேன் என்பதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

அந்த ஸ்கூல் காட்சி. உனக்குப் பத்து வயது. ஏற்காட்டு ஹாஸ்டலில் உன்னைச் சேர்த்த வருடம், நான் செம்மநத்தத்தில் ஒற்றை அறையில் தங்கி வெள்ளையம்மாவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே மலையில்தான் இருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்க வரலாம். அந்த ஞாயிறு உன்னைப் பார்த்துவிட்டு அப்படியே கரடியூருக்குப் போய்ப் பனிமூட்டத்தை எடுக்கலாம் என்று கேமராவோடு வந்தேன். நீ மைதானத்து ஓரம் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் உன் பாதி முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஸ்டாண்டைப் பிரித்தேன். "அம்மா, அதக் கீழ வைங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாய். "சொல்லு சாமி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றேன். நீ சொல்லவில்லை. நான் கேமராவை வைப்பேன் என்று நீ காத்திருந்தாய், நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். பதினோரு நிமிடம். பிறகு மணி அடித்தது, நீ எழுந்து போய்விட்டாய். ஒரு தாயின் அழுகையை, மகன் வீட்டுக்கு வரவில்லை என்கிற அழுகையை, அந்த வாரம்தான் நான் எடுத்திருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண் உன்னிடம் ஏதாவது சொல்ல வந்தால் கையில் இருப்பதைக் கீழே வை. போனோ, பேப்பரோ, உன் கம்பெனி மோட்டார் ஸ்பேனரோ, எதுவானாலும் வை. அது பாட்டுக்கு இருக்கட்டும் நீ சொல்லு என்று சொல்லாதே. சொல்ல வந்தவர்கள் அந்தப் பொருள் கீழே போகிற சத்தத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். அவளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், கோயம்புத்தூரில் டிபன் சாப்பிட்ட அன்று. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே, "கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளி உட்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். முகத்தில் வெளிச்சம் சரியில்லை. கேமராகூடக் கொண்டு வரவில்லை அன்று. அவள் நகர்ந்து உட்கார்ந்து, "இப்பச் செரிங்களா அத்தை?" என்று சிரித்தாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு இட்லியைப் பிய்த்தாய். நல்ல பெண், எனக்குப் பிடித்திருக்கிறது, அன்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முழுவதும் அந்தக் காட்சியோடு மல்லுக்கட்டினேன். முதலில் அப்படியே தூக்கிப் பார்த்தேன். படம் நடுவில் மடங்கி விழுந்தது. பிறகு உன் முகத்தை மங்கலாக்கினேன். ஏதோ குற்றவாளியைக் காட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு உன்னை விட்டுவிட்டு உன் காலணியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு நிமிடத்தை இரண்டு நிமிடமாக வெட்டி, இதற்குப் போய் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழை, இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் எடுத்த ஷாட்டுகளிலேயே அதுதான் சிறந்தது, கண்ணு. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு பையன் வாய் திறக்காமல் பதினோரு நிமிடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பின்னால் கரடியூர்க் காற்றின் சத்தம் மட்டும். அந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டிய சினேகிதிகள் எல்லாம் மூச்சுவிட மறந்தோம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அறையில் இருக்க முடியாமல் பஸ் ஏறிவிட்டேன். ஏற்காட்டில் ஹமீது பாய் கடையிலிருந்தே கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, தம்பிக்குக் கல்யாணமாம்ல? உங்க ஊட்டய்யா சொன்னாருங்க. வீடியோ நீங்களேங்களா, வெளியாளுங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நீ என்னைக் கூப்பிட்டாயா, கூப்பிடவில்லையா என்றே தெரியவில்லையே, இதில் வீடியோ எங்கே. பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அப்பா ஒரு தடவை சொன்னார், "நீ ஒரு கல்யாணத்தையும் பாத்ததில்ல, எல்லாத்தையும் எடுத்திருக்க, அவ்வளவுதான்" என்று. அப்போது அது எனக்குப் பாராட்டு மாதிரிப் பட்டது.

செம்மநத்தம் போகிற வேனில் ஏறினேன். வெள்ளையம்மா வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சரிசெய்தார், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "வா கண்ணு. இந்த வருசம் மழை பரவாயில்லீங்க, சாமை நல்லா வந்திருக்குதுங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு எதற்கு ங்க போடுகிறார் என்று முதலில் புரியவில்லை. "அக்கா, நான் கேமரா கொண்டாரலீங்க" என்றேன். "சும்மா சொல்லாத" என்றார். பையைப் பிடுங்கித் திறந்து, குடையையும் பிஸ்கட்டையும் வெளியே எடுத்து வைத்து, அடியில் கைவிட்டுத் துழாவினார். அப்புறம்தான் முதுகு தளர்ந்தது. "ஏன்டி இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மழை எங்கடி பேஞ்சுது, நாசமாப் போன மழை" என்று ஆரம்பித்தார் பாரு, பக்கத்துக் காட்டுக்காரன், ரேஷன் கடை, முட்டிவலி, எல்லாரையும் ஒரு பிடி பிடித்தார். குரலே வேறு. தடித்த குரல், வேகம், வார்த்தைக்கு வார்த்தை வசவு. இத்தனை வருடத்தில் என்னை அவர் டி போட்டுக் கூப்பிட்டதே இல்லை. நான் படமெடுத்த வெள்ளையம்மா ஒருத்தர், இவர் இன்னொருத்தர். இவரை எனக்குத் தெரியவே தெரியாது.

"பையன் வர்றானுங்களா அக்கா?" என்று கேட்டேன். "போன் பண்ணுவான். வர மாட்டான்" என்றார், சாமையைப் பார்த்துக்கொண்டே. "அந்த அழுகற சீன இப்ப எடுத்துடறனுங்க. அப்ப முடியாதுன்னு சொன்னது பொய்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் கை நின்றது. "பொய்யா?" என்றார். ஆமாங்க என்றேன். "அதுல எங்க செவலப் பசு பின்னால நிக்கும்ல, அது செத்துப்போச்சு. பசு நிக்கறத மட்டும் வெச்சுக்க, மீதிய எடுத்துப்போடு" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. டீ போட எழுந்துபோனார், சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். அவர் மகன் வரவில்லை, இனி நான் எதை எடுத்தாலும் அவன் வரப்போவதில்லை. திரும்பி வரும்போது வேனில் எனக்கு அழுகை வந்தது. சன்னலைத் திறந்து மழை அடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு மேசையை நகர்த்தி எழுந்துவிட்டேன், கண்ணு. இப்போது மத்தியானம் மூன்று மணி. நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் திரும்ப உட்கார்ந்திருக்கிறேன்.

உன் காட்சியை எடுத்துவிடுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுதாகப் பார்க்கலாம் என்று போனேன். உண்மையைச் சொன்னால், வைத்துக்கொள்ள ஏதாவது நியாயம் கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன். அதனால் வெட்டி வைத்ததைப் பார்க்காமல் அந்தப் பழைய டேப்பின் மூலப் பதிவையே போட்டேன், அதன் சொந்தச் சத்தத்தோடு. இதுவரைக்கும் நான் அதை அப்படிக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், ஆரம்பித்த உடனே என் குரல் வரும். எனக்கு என் குரலைக் கேட்கப் பிடிக்காது. எடிட்டிங்குக்கு உட்கார்ந்த முதல் நாளே ஒலியை மொத்தமாக அணைத்துவிட்டுக் கரடியூர்க் காற்றைப் போட்டுக்கொண்டேன். எல்லாரும் மூச்சுவிட மறந்த அந்த அமைதி நான் செய்து வைத்தது. உண்மையில் அங்கே அமைதியே இல்லை. பதினோரு நிமிடமும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். "இந்தப் பக்கம் திரும்பு கண்ணு." "கையை மடியில வெச்சுக்க." "அவ்வளவு வேண்டாம், கொஞ்சமாத் திரும்பு." நீ ஒவ்வொன்றுக்கும் திரும்பியிருக்கிறாய், கையை வைத்திருக்கிறாய். நீ பேசாமல் காத்திருந்தாய் என்று இத்தனை நாளாக நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது நிமிடம் போலத் தலையைக் குனிந்துகொள்கிறாய். உதடு தெரியவில்லை. நான், "தலையத் தூக்கு சாமி, வெளிச்சம் போகுது பாரு, தூக்கு" என்கிறேன். அதற்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. நீ மூக்கை உறிஞ்சுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி போட்டேன். மறுபடி. என் குரலைக் குறைக்க முடியவில்லை, இரண்டும் ஒரே டிராக்கில் இருக்கின்றன. ஐந்தாவது தடவை கேட்டது.

"நான் ஊட்டுக்கு வந்துரட்டுங்களாம்மா?"

நீ சொன்னாய். சொல்லியிருக்கிறாய். நான் கேமராவைக் கீழே வைக்காமலேயே, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, சொல்லித்தான் இருக்கிறாய். நான் பதில் சொல்லவில்லை, வெளிச்சம் போகுது பாரு என்றேன். நீ தலையைத் தூக்கினாய். அந்த முகத்தைத்தான் என் வாழ்நாளின் சிறந்த ஷாட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு பல வருடம் கழித்து உட்கார்ந்து, என் குரலை அணைக்கிறேன் என்று உன் ஒரே வாக்கியத்தையும் சேர்த்து அணைத்துவிட்டேன். எந்த வீடு என்று நீ சொல்லவில்லை. சேலத்தில் உன் அப்பா, செம்மநத்தத்தில் என் ஒற்றை அறை, மலைமேல் உன் ஹாஸ்டல் கட்டில், இடம் மூன்று இருந்தது, வீடு என்று ஒன்று இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் வா என்று சொல்லியிருப்பேனா? படம் முடியட்டும் கண்ணு என்றுதான் சொல்லியிருப்பேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

காட்சியை எடுத்துவிட்டேன். நீ எந்த அர்த்தத்தில் சொன்னாயோ அந்த அர்த்தத்தில். படம் பதினோரு நிமிடம் குறைந்துவிட்டது. முன்னைவிட மோசமாகவும் ஆகிவிட்டது. உன் மனசு குளிர்வதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஓட்டை தெரிகிறது, தெரியட்டும். அப்படியே அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திருந்தால் என் கை சும்மா இருக்காது. டேப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதில் இருப்பது உன் குரல், உன்னுடையது. அழிக்கச் சொன்னால் அழிக்கிறேன், கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

நீ சொன்ன தேதி காலண்டரில் இருக்கிறது. நான் வெறுங்கையோடு நிற்பேன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவேன், அந்தப் பெண்ணை வெளிச்சத்துக்கு நகரச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இன்னும் வாங்க என்று சொல்லவில்லை. அதனால் நான்தான் கேட்க வேண்டும்.

நான் கல்யாணத்துக்கு வரட்டுமா, சாமி?

அம்மா